நல்மரணத்துக்கு ஆயத்தமாயிருந்த புனித தோமஸ் மூர்



கார்த்திகை மாதம் மரித்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாக மன்றாடும் மாதமாகும். சேமக்காலைகள் துப்புரவாக்கப்படுகின்றன, கல்லறைகள் மந்திரிக்கப்படுகின்றன, மாலையில் மெழுகுதிரிகள் வரிசை வரிசையாய் எரிகின்றன. இறந்தவர்களுக்காகச் செபிப்பதில் நாம் குறை வைப்பவர்கள் அல்லர். ஆயினும் அந்த மண்ணுக்குள் நாமும் ஒருநாள் செல்லவிருக்கின்றோம் என்பதை நினைப்பதில்தான் நமக்குப் பெருந்தயக்கம். வீட்டில் நோயாளி ஒருவர் கிடையாய்க் கிடக்கும்போது சாவு என்ற சொல்லை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை. நோயில் பூசுதல் அருட்சாதனத்துக்குக் குருவானவரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று நாளைக் கடத்தி, அவர் நினைவிழந்த பின்னரே பங்குமனைக் கதவைத் தட்டுகின்றோம். பாவசங்கீர்த்தனம் செய்ய நாவெழாத வேளையில், நற்கருணையை விழுங்க இயலாத வேளையில் குருவானவர் வந்து நிற்கின்றார். அந்த நோயாளிக்கு நாம் காட்டிய அன்பு இதுதானா? சற்றே எண்ணிப் பாருங்கள்.

இவ்வாரம் உங்கள் முன் நிறுத்த விரும்புபவர் துறவியோ குருவோ அல்லர். மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெருங்குடும்பத்தைத் தாங்கிய இல்லறத்தார், வழக்குகள் நிறைந்த வாழ்க்கை வாழ்ந்த சட்டத்தரணி, அரசியலில் மிக உயர்ந்த பதவி வரை ஏறியவர், நகைச்சுவைக்குப் பெயர்போனவர். மரணத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை என்று சொல்ல எவருக்கேனும் நியாயம் இருக்குமாயின் அது இவருக்கே இருந்தது.

1478ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சட்டத்தரணி ஒருவரின் மகனாகத் தோமஸ் மூர் பிறந்தார். அவரது தந்தை ஜோன் மூர் பின்னாளில் நீதிபதியானவர். அக்கால வழக்கப்படி சிறுவன் தோமஸ், கன்ரபரிப் பேராயர் ஜோன் மோர்ட்டனின் லம்பெத் மாளிகையில் பணிவிடைச் சிறுவனாக விடப்பட்டான். அந்த லம்பெத் மாளிகையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் அங்கு மீண்டும் வருவார். பேராயரின் உதவியுடன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் சென்று, பின் தந்தையின் விருப்பப்படி இலண்டனில் சட்டம் பயின்றார்.

சட்டம் பயின்ற நாட்களில் அவரது உள்ளம் வேறொரு திசையிலும் இழுக்கப்பட்டது. இலண்டன் கார்த்தூசியன் துறவிகளின் மடத்தை அண்டி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர்களது செப வாழ்வில் பங்குகொண்டார். மௌனத்திலும் தனிமையிலும் வாழ்நாளைக் கழிக்கும் துறவிகள் அவர்கள். தமக்கு உரிய வழி இல்லறமே என்று அவர் இறுதியில் தெளிந்து, 1505இல் ஜேன் கோல்ற் என்ற பெண்ணை மணந்தார். ஆயினும் மடத்தில் கற்றவற்றை மடத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. ஆட்டுமயிரால் நெய்த முரட்டு மேலாடையை வெளியாடைக்குள் ஒளித்து அணியும் வழக்கத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. பட்டாடைக்கும் பொற்சங்கிலிக்கும் அடியில் அது இருந்ததை வெகு சிலரே அறிந்திருந்தனர். மூத்த மகள் மார்கிரட்டே அதை இரகசியமாகத் துவைத்துக் கொடுப்பார்.

மூன்று பெண்களும் ஒரு மகனுமாக நான்கு பிள்ளைகளை விட்டு ஜேன் 1511இல் இறந்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தாய் வேண்டுமென்று அலிஸ் என்ற விதவையை அவர் விரைவிலேயே மணந்தார். பெண்பிள்ளைகளுக்கும் மகனுக்குச் சமமாக இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். அக்காலத்தில் அது ஊர் வியந்த செய்தி. தேம்ஸ் நதிக்கரையில் செல்சி என்னுமிடத்தில் அமைந்த அவரது வீட்டில் இரவுதோறும் குடும்பத்தாரும் பணியாளர்களும் கூடிச் செபித்தனர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குச் சற்று அப்பால் தாம் கட்டிய சிறு கட்டடத்தில், செபத்திலும் வாசிப்பிலும் தனித்திருப்பார். அவரது நண்பர் எராஸ்மஸ் 1519இல் எழுதிய மடலொன்றில், மறுவாழ்வைப் பற்றி மூர் நண்பர்களோடு பேசும் முறையைக் கேட்டால் அவர் நம்பிக்கையோடு உள்ளத்திலிருந்து பேசுகிறார் என்பது விளங்கும் என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார். அதே மடல்தான் அவரைச் சிரித்த முகத்தவராகவும் காட்டுகிறது. மரணத்தை நினைப்பவர் முகம் சுளித்திருப்பார் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நமது பொருளுக்கு வருவோம். 1522ஆம் ஆண்டளவில், அரசரின் நம்பிக்கைக்குரிய ஆலோசகராய், வீரப்பட்டம் பெற்று, புகழின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனிதனின் கடைசிக் காரியங்கள் நான்கைப் பற்றி நூலொன்றை எழுதத் தொடங்கினார். மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்று பழைய ஞானோபதேசத்தில் நம் பாட்டன் பாட்டிமார் மனனம் செய்த அதே நான்குதான். சீராக் ஆகமம் தரும் அறிவுரை ஒன்றே நூலின் அடிப்படை. மகள் மார்கிரட்டும் இதே பொருளில் எழுதினார் என்று கூறுவர். தந்தையும் மகளும் சாவைப் பற்றிப் போட்டியிட்டு எழுதிய வீடு அது!

இந்நூல் முற்றுப்பெறவில்லை. எழுதிய பகுதியில் அவர் மரணத்தைத் தூரத்து விருந்தாளியாகக் காட்டவில்லை. பிறந்த நாளிலிருந்தே நாம் இறந்துகொண்டிருக்கின்றோம் என்பது அவரது வாதம். உலகம் ஒரு சிறைக்கூடம், எல்லோரும் தீர்ப்பிடப்பட்டவர்கள், சிறைக்குள் ஒருவர் பெரிய அறையில் இருக்கிறார் என்பதால் அவர் தண்டனையிலிருந்து தப்பியவர் ஆகிவிடமாட்டார். மரணப்படுக்கையை அவர் விவரிக்கும் இடம் இன்றும் நம்மைச் சுடும். தலை வெடிக்கிறது, மூச்சுத் திணறுகிறது, கால்கள் சில்லிடுகின்றன. அவ்வேளை சுற்றி நிற்போர் காசு எங்கே, உறுதி எங்கே, யாருக்கு எது என்று கேட்டுத் துளைக்கின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட காட்சி என்று சொல்லாமல் விட்டால் நம் அயல்வீடு ஒன்றின் கதை என்றே வாசகர் எண்ணிக்கொள்வர். அந்த நேரத்தில் மனந்திரும்பலாம் என்று காத்திருப்பவன் எத்துணை பேதை என்பதே அவர் உணர்த்த வந்தது. ஆணவம், பொறாமை, கோபம், பேராசை, போசனப்பிரியம் என்று ஒவ்வொரு தலையான பாவத்துக்கும் மரண நினைவை அவர் மருந்தாக அரைத்துத் தருகிறார். கசக்கும் மருந்துதான், ஆனால் அதை அவர் முதலில் தாமே உட்கொண்டார்.

1523இல் பாராளுமன்றச் சபாநாயகர். 1529 ஒக்டோபரில் லோர்ட் சான்சலர் எனப்படும், அரசருக்கு அடுத்த உயர் பதவி. அரசர் எட்டாம் ஹென்றி செல்சி வீட்டுத் தோட்டத்தில் மூரின் தோளில் கைபோட்டு நடந்து பேசியதைக் கண்டு மருமகன் வில்லியம் ரோப்பர் மகிழ்ந்து பாராட்டினார். மூர் மகிழவில்லை. தம் தலையைக் கொடுத்தால் பிரான்ஸில் ஒரு கோட்டை கிடைக்குமென்றால் அத்தலை தப்பாது என்று மருமகனுக்கு அமைதியாக விளக்கினார். பதவியில் இருப்பவரோடு நின்று படம் எடுப்பதற்கே முண்டியடிக்கும் நமக்கு இந்தத் தெளிவு எளிதில் வராது.

அவரது வாழ்வில் நிழல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சான்சலராய் இருந்த காலத்தில் மாற்றுக் கொள்கையினர் என்று தீர்ப்பிடப்பட்ட ஆறு பேர் எரிக்கப்பட்டனர். அக்கொள்கையினரை ஒடுக்குவதில் அவர் முனைப்பாகவே இருந்தார். 2000ஆம் ஆண்டில் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தபோது பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் இவ்விடயத்தில் அவர் தம் காலத்தின் குறைகளுக்கு உட்பட்டவராய் இருந்ததை ஏற்றுக்கொண்டார். புனிதரும் இறைவனின் தீர்ப்புக்கு முன் இரக்கம் வேண்டி நிற்பவரே. மூர் தம் பாவங்களுக்காக ஒறுத்தல் செய்தது வெறும் பாவனை அன்று.

அரசர் தம் மனைவி கத்தரீனை விலக்கி ஆன் பொலினை மணக்க விரும்பியதும், உரோமை அதற்கு இணங்காததும், அரசர் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவராக எழுந்ததும் வாசகர்கள் அறிந்த வரலாறு. 1532 மே 15இல் குருக்குலத்தார் அரசருக்குப் பணிந்தனர். மறுநாளே மூர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துப் பதவி விலகினார். வருமானம் வீழ்ந்தது. பிள்ளைகளைக் கூட்டி, இனிப் படிப்படியாக எப்படி எளிமையாக உண்பது என்று சிரிக்கச் சிரிக்க எடுத்துச் சொன்னார். அவ்வாண்டிலேயே செல்சிப் பங்கு ஆலயத்தில் தமக்குக் கல்லறை கட்டி, கல்வெட்டு வாசகத்தைத் தாமே எழுதிப் பொறித்து, முதல் மனைவி ஜேனின் எலும்புகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்.

வரவிருப்பதை வீட்டாருக்கும் பழக்கினார். ஒருமுறை வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில் அரச சேவகன் ஒருவன் கதவைத் தட்டி, மறுநாள் ஆணையாளர் முன் தோன்றுமாறு மூருக்கு அழைப்பு விடுத்தானாம். வீடே அழுதது. பின்னர்தான் அவரே அவனை அப்படி வரச் செய்திருந்தார் என்பது தெரியவந்தது என்று அவரது வரலாற்றை எழுதிய பழையவர்கள் சொல்வர். கடுமையான விளையாட்டுத்தான். ஆயினும் மெய்யான அழைப்பு வந்த நாளில் அந்த வீட்டார் முற்றிலும் நிலைகுலையாதிருந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். சட்டம் அறிந்தவராகையால், தமக்குப் பின் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாதென்று சொத்துக்களையும் முறைப்படி எழுதிவைத்தார். பின்னர் பாராளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது வேறு விடயம். ஆன்மிக ஆயத்தம் என்றால் உலகக் கடமைகளைக் கைகழுவிவிடுவது என்று அவர் கருதவில்லை.

1534 ஏப்ரல் 13ஆம் திகதி, அரசரின் புதிய வாரிசுரிமைச் சட்டத்துக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய லம்பெத் மாளிகைக்கு வருமாறு அழைக்கப்பட்டார். ஆம், சிறுவனாய் அவர் பணிவிடை செய்த அதே மாளிகை! புறப்படுமுன் செல்சி ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, நற்கருணை உட்கொண்டார். முக்கியமான எக்கருமத்திலும் இறங்குமுன் அப்படிச் செய்வது அவரது வழக்கம். வழக்கமாக மனைவியும் பிள்ளைகளும் படகுத்துறை வரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவர். அன்று அவர் எவரையும் வரவிடவில்லை. படலையைத் தம் பின்னே இழுத்துச் சாத்திவிட்டு மருமகன் ரோப்பரோடு படகேறினார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் திடீரென ரோப்பரின் காதில், போர் வெல்லப்பட்டுவிட்டது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எந்தப் போர் என்று ரோப்பருக்கு அப்போது விளங்கவில்லை. குடும்பத்தின் மீதுள்ள பாசம் மனச்சான்றை வளைத்துவிடுமோ என்று அவருள் நடந்த போரே அது.

வாரிசுரிமையை ஏற்கத் தடையில்லை. ஆனால் கொடுக்கப்பட்ட சத்திய வாசகத்தை ஏற்க மனச்சான்று இடந்தரவில்லை என்று மறுத்தார். காரணத்தை வெளியிடவும் மறுத்தார். ஏப்ரல் 17ஆம் திகதி இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கே அவர் கழித்த ஏறக்குறைய பதினைந்து மாதங்களே நல்மரண ஆயத்தத்தின் உச்சப் பாடம். அவரை அஞ்சாநெஞ்சராய்ச் சித்திரிப்போர் தவறு செய்கின்றனர். இயல்பாகவே நோவுக்கு மிகவும் அஞ்சுபவர் தாம் என்பதை மார்கிரட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர் மறைக்கவில்லை. இரவுகளில் உறக்கமின்றி, தமக்கு நேரக்கூடிய அத்தனை வேதனைகளையும் எண்ணிப் பார்த்தார். மரணத்தைத் தேடிச் செல்லவும் அவர் துணியவில்லை. தம் துணிவில் நம்பிக்கை வைத்தால் இறைவன் தம்மை வீழ விடுவார் என்று அஞ்சினார். ஆகவேதான் சட்டம் அனுமதித்த கடைசி அடைக்கலமான மௌனத்தில் ஒதுங்கி நின்றார். அழைப்பு வருமட்டும் காத்திரு, வந்தால் அருளை நம்பிச் செல் என்பதே அவர் கைக்கொண்ட நெறி.

மனைவி அலிஸ் ஒருநாள் சிறைக்கு வந்து கடிந்துகொண்டார். செல்சியில் நூலகமும் தோட்டமும் பிள்ளைகளும் இருக்க, எலிகளோடு இந்த அடைப்பில் கிடப்பானேன் என்பது அவரது ஆதங்கம். இந்த வீடும் அந்த வீட்டைப் போலவே பரலோகத்துக்கு அருகில்தான் உள்ளது என்று மூர் உணர்த்தினார். தாம் மண்ணுக்குள் ஏழாண்டு கிடந்துவிட்டு எழுந்து வந்தால், இது உன் வீடு அல்ல, வெளியே போ என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார்கள்; அப்படி விரைவில் தம்மை மறந்துவிடும் வீட்டின்மேல் ஆசை எதற்கு என்றும் கேட்டார். அலிஸ் அம்மையாரை நாம் எளிதில் பழிக்கலாகாது. கணவரின் சிறைச் செலவுக்காகத் தம் உடுபுடவைகளையே விற்றவர் அவர். நோயாளியின் அருகிலிருந்து பார்க்கும் குடும்பத்தாரின் பாரத்தை அறிந்தவர்கள் அவரது கோபத்தையும் விளங்கிக்கொள்வர்.

சிறையில் அவர் எழுதிய நூல்களில் ஒன்று துன்பத்தில் ஆறுதல் பற்றியது; துருக்கியரின் படையெடுப்பை எதிர்நோக்கும் ஹங்கேரி நாட்டார் இருவர் உரையாடுவதாக அமைந்தது. மற்றொன்று கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் பட்ட துயரைப் பற்றியது. அஞ்சி நடுங்குவோருக்காகவே ஆண்டவர் தாமும் அஞ்சி வியர்த்தார் என்பது மூர் அதில் கண்ட பேராறுதல். தைரியசாலிக்கு முன்மாதிரிகள் பல உண்டு. கோழை மனத்தவனுக்கு ஆண்டவரே முன்சென்று அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார் என்று அவர் விளக்குகிறார். ஆண்டவர்மீது பகைவர் கைவைத்த இடத்தோடு அந்நூல் நின்றுவிடுகிறது. அவர் கைப்பட எழுதிய அப்படி ஸ்பெயினின் வலென்சியா நகரில் இன்றும் உள்ளது. 1535 ஜூனில் புத்தகங்கள் யாவும் பறிக்கப்பட்டன. அதன்பின் அவர் சாளரங்களை மூடி இருளில் தியானத்தில் அமர்ந்தார். சரக்குப் போய்விட்டால் கடையைச் சாத்துவதுதானே முறை என்பது அவர் சொன்ன வேடிக்கை.

அதற்கு முன், மே 4ஆம் திகதி, சிறைச் சாளரத்தினூடாக ஒரு காட்சி. இளமையில் அவர் கூடிச் செபித்த அந்தக் கார்த்தூசியன் சபையின் மடத்தலைவர்கள் மூவர் வேறு குருக்களோடு கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அருகில் நின்ற மார்கிரட்டுக்கு, திருமணத்துக்குச் செல்லும் மணமகன்களைப் போல அவர்கள் செல்வதை மூர் சுட்டிக்காட்டினார். விளக்கில் எண்ணெயோடு காத்திருந்த கன்னியரின் உவமையை அறிந்த நமக்கு இந்த ஒப்புமையின் ஆழம் புரியும். நெடுநாள் தவத்தில் இருந்தவர்களை இறைவன் விரைவில் அழைத்துக்கொண்டார். உலகில் சுகமாய் வாழ்ந்த தம்மை இன்னும் காக்கவைத்திருக்கிறார் என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டார். ஜூன் 22ஆம் திகதி ரொச்செஸ்டர் ஆயர் ஜோன் பிஷர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

ஜூலை முதலாம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மூரின் விசாரணை நடந்தது. ரிச்சார்ட் ரிச் என்ற அரச சட்டத்தரணி அளித்த பொய்ச்சாட்சியமே அவரை வீழ்த்தியது. தீர்ப்பின் பின்னரே மூர் மௌனம் கலைத்து, பாராளுமன்றச் சட்டம் ஒன்றினால் அரசரைத் திருச்சபையின் தலைவராக்க முடியாது என்று விளக்கினார். பிறகு அவர் நீதிபதிகளை நோக்கித் தெரிவித்த விருப்பம் எனக்கு அவரது மற்றெல்லாக் கூற்றுகளையும் விட உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஸ்தேவான் கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்ற பவுலும் ஸ்தேவானும் இன்று மோட்சத்தில் நண்பர்களாக இருப்பதுபோல, தமக்குத் தீர்ப்பிட்டவர்களும் தாமும் அங்கே மகிழ்வோடு கூடவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். பகை தீர்க்காமல் சாகும் மனிதர் எத்தனை பேர்! காணி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர், ஒருவர் சவப்பெட்டிக்கு மற்றவர் வந்து நின்று அழுவதைக் குருக்களாகிய நாங்கள் அடிக்கடி காண்கின்றோம்.

சிறைக்குத் திரும்பும் வழியில், படகுத்துறையில், ஆயுதம் தாங்கிய காவலரைப் பிளந்துகொண்டு மார்கிரட் ஓடிவந்து தந்தையைக் கட்டியணைத்தார்; விலகிச் சென்றவர் ஆற்றாமல் மீண்டும் ஓடிவந்து அணைத்தார். ஜூலை 5ஆம் திகதி மூர் ஒரு கரித்துண்டால் மகளுக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினார். மறுநாள் இறக்க விரும்புவதாக அதில் குறித்தார். ஏனெனில் அது கன்ரபரிப் புனித தோமஸின் விழாவுக்கு முந்திய நாள், புனித பேதுருவின் விழாவுக்கு எட்டாம் நாள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். முரட்டு மேலாடையையும் அவரிடமே அனுப்பிவைத்தார்.

அவர் விரும்பிய நாளே வாய்த்தது. 6ஆம் திகதி அதிகாலை அரசரின் செய்தியோடு வந்தவர் அழுதபோது மூரே அவரைத் தேற்றினார். கொலைமேடையில் நீண்ட உரை வேண்டாம் என்று அரசர் கேட்டிருந்தார், அதற்கும் கீழ்ப்படிந்தார். ஆட்டங்கண்ட ஏணியில் ஏறும்போது கைகொடுத்தவரிடம் வேடிக்கை பேசினார். முழந்தாளிட்டு, நாம் மரித்தோருக்காகச் செபிக்கும் அதே ஐம்பத்தோராம் சங்கீதத்தைச் செபித்தார். மன்னிப்புக் கேட்ட கொலைஞனை முத்தமிட்டு ஊக்கப்படுத்தினார். வெட்டுமரத்தில் தலை வைத்தபின், இராசத்துரோகம் எதுவும் செய்யாத தாடியை ஒதுக்கிவைத்துக்கொள்ளச் சற்று நேரம் கேட்டார். முப்பது ஆண்டுகள் தினந்தோறும் சாவைச் சந்தித்துப் பழகியவருக்கு அந்தக் காலைப்பொழுதில் புதிதாய்ச் செய்ய அதிகம் இருக்கவில்லை.

உடல் கோபுரச் சிறைக்குள் இருக்கும் புனித பேதுரு சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தலை இலண்டன் பாலத்தில் ஈட்டி முனையில் ஏறக்குறைய ஒரு மாதம் நின்றது. மார்கிரட் அதைப் பெற்று 1544இல் தாம் இறக்கும்வரை பேணினார். இப்போது அது கன்ரபரி நகரின் புனித டன்ஸ்டன் ஆலயத்தில், ரோப்பர் குடும்ப நிலவறையில் உள்ளது. 1935 மே 19ஆம் திகதி பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மூரையும் ஆயர் பிஷரையும் ஒருசேரப் புனிதராக உயர்த்தினார். செல்சி ஆலயம் 1941இல் குண்டுவீச்சில் சிதைந்தது. மூர் தமக்கென 1532இல் அமைத்த கல்லறையோ, அவர் எழுதிய கல்வெட்டு வாசகத்துடன் அங்கே இன்றும் நிற்கிறது.